பள்ளித் தோட்டம் அலங்காரத்துக்கா?

நமது பாடசாலைகளிலே தோட்டம் இல்லாமல் இல்லை. வாயிலில் செவ்வரத்தையும் குரோட்டனும் நிற்கும்; பின்வளவில் நான்கு பாத்தி வெண்டி இருக்கும். பரிசளிப்பு விழா நெருங்கினால் நீர் இறைப்பார்கள். பிந்தி வந்த மாணவன் தண்டனையாகப் புல்லுப் பிடுங்குவதும் அங்கேதான். விஞ்ஞான ஆசிரியர் மட்டும் அப்பக்கம் வருவதில்லை. அவர் அவரையினச் செடியின் வேர்முடிச்சைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருக்க, இருபது முழத்துக்கு அப்பால் அதே முடிச்சு மண்ணுக்குள் கிடக்கிறது. இதனினும் விசித்திரமான காட்சி வேறு உண்டோ?

இந்நாட்டிலே பள்ளித் தோட்டம் புதிய யோசனையன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது நம் பாடசாலைகளுக்கு வந்துவிட்டது. 1930களில் கன்னங்கரா அவர்கள் ஆதரித்த ஹந்தெசைக் கிராமியக் கல்வித் திட்டமும் ஊர்ச் சூழலையே பாடத்தின் நடுவில் வைத்தது. பின்னர் பரீட்சை வென்றது. தோட்டம் மூலைக்குப் போயிற்று. உத்தியோகத்தை நாடிய நாமும் அதற்கு உடந்தையே. பிள்ளை மண்வெட்டி பிடிப்பதை இழிவென எண்ணியோர் விதானையார் வீட்டில் மட்டுமல்ல, கமக்காரன் வீட்டிலும் இருந்தனர்.

யூரியாவின் 100 பங்கில் 46 பங்கு நைதரசன் என்று மாணவன் ஒப்புவிக்கிறான். ஒரு பாத்திக்கு எத்தனை கிராம் என்று கேட்டால் விழிக்கிறான். ஒரே அளவில் மூன்று பாத்தி வெட்டுவோம். ஒன்றில் எதுவும் இடாமல், ஒன்றில் குழை தாழ்த்து, ஒன்றில் யூரியாவை நிறுத்து இட்டுக் கீரை விதைப்போம். மாணவரே அறுத்து நிறுத்து எழுதட்டும். பக்கத்தில் பயறும் நிற்கட்டும். அதன் முடிச்சை நகத்தால் கீறி, உள்ளே இளஞ்சிவப்பைக் கண்ட பிள்ளைக்கு நைதரசன் பதித்தல் பற்றி மனனம் வேண்டியதில்லை. மழை மிகுந்து பயறு அழுகினால் அதுவும் பாடமே.

இது வெறும் புள்ளி பெறும் விவகாரமன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களிலே ஒரு சாரார் இரசாயனம் நஞ்சு என்றனர். மறு சாரார் யூரியா இன்றேல் பட்டினி என்றனர். எந்த மண்ணுக்கு எவ்வளவு என்ற அளந்த கணக்கு எத்தனை ஊர்களிடம் இருந்தது?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். பயிர் உண்டு மிஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாகி அவ்வழியே இறங்குகிறது. மலசலகூடக் குழியும் தன் பங்கைச் சேர்க்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் பல கண்டறியப்பட்டுள்ளன. கொதிக்க வைத்தால் போய்விடும் என நம்பும் வீடுகள் இன்றும் உள. போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கும். தோட்டக்காரன் மகன் இதைப் பள்ளியிலே அறியாவிடின் வேறெங்கே அறிவான்?

பழைய மாணவர் சங்கங்கள் வளைவு கட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்: ஒரு தராசு, ஒரு மழைமானி, நீர் சோதிக்கும் தாள்கள். கல்வி அதிகாரிகள் தோட்டக் குறிப்பேட்டுக்கு விஞ்ஞானப் பாடத்திலே புள்ளி வழங்கட்டும். வழங்காத வரையில் ஆசிரியரைக் குறை கூறிப் பயனில்லை. ஊரின் மூத்த கமக்காரர் ஒருவரையும் மாதம் ஒருமுறை அழைக்கலாம். அவர் சொல்வதையும் அளந்தே பார்க்கட்டும். வடகீழ்ப் பருவமழை ஒக்ரோபரில் தொடங்கும். அதற்குள் பாத்தி வெட்டியாக வேண்டும்.