அறுபத்தைந்து அங்குலத் தமிழ்

ஓணம் நெருங்கும் நாள்களில் எர்ணாகுளம் பிராட்வேயில் தோள் இடிபடாமல் நடத்தல் இயலாது. அக்குறுந்தெருவிலும், அதனை அடுத்துக் காயலோரமாகச் செல்லும் சண்முகம் சாலையிலும் மக்கள் வெள்ளம் நிரம்பி வழியும். (கொச்சி சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய கோவைத் தமிழர் ஆர். கே. சண்முகம் செட்டியாரின் பெயரைத் தாங்கியது அச்சாலை. அதில் நாள்தோறும் நடக்கும் நம்மவருள் இதனை அறிந்தவர் சிலரே.) மட்டாஞ்சேரியிலிருந்தும் ஃபோர்ட் கொச்சியிலிருந்தும் படகேறி வரும் தமிழ்க் குடும்பங்களை அவ்வெள்ளத்தில் எளிதில் இனங்காணலாம். முன்னர் துணியும் பாத்திரமும் வாங்க வந்தனர். இன்று அவர்களில் பலர் நாடுவது பெருந்திரைத் தொலைக்காட்சியை.

கடைப் பையன் நெல்லைப் பக்கத்தவனாகவே இருப்பான். "ஐம்பத்தைந்து எடுத்தால் ஆறு மாதத்தில் சின்னதாத் தெரியும் அண்ணாச்சி, அறுபத்தைந்தா எடுத்துருங்க" என்பான். அண்ணாச்சியும் விலையைக் கேட்டு ஒருகணம் தயங்கிப் பின்னர், "பிள்ளைங்க காதுல நாலு தமிழ் வார்த்தை விழணும் தம்பி, அதுக்காகத்தான்" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

இச்சமாதானத்தோடுதான் நமக்கு வழக்கு. பெரிய பெட்டி வாங்குவது அவரவர் வசதி. அதனை மறிக்க நாம் யார்? ஆனால் தமிழின் பெயரைச் சொல்லி அதனை வாங்குதல் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளுதல் ஆகும். கூடத்துச் சுவர் நிறையத் திரை வந்த இல்லங்களில் தமிழ் மிகுதியாக ஒலிக்கிறது, குறைவாகப் பேசப்படுகிறது.

முதலில் பொருளையே எடுத்துக்கொள்வோம். அறுபத்தைந்து அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் ஏறத்தாழ நான்கே முக்கால் அடி. உயரம் இரண்டரை அடிக்குச் சற்று மேல். இத்திரையில் உள்ள ஒளிப்புள்ளிகள் ஏறத்தாழ 83 இலட்சம். கடையில் ஓடும் படம் அத்தனை புள்ளிகளுக்கும் என்றே எடுக்கப்பட்ட கடலும் மலரும் கிளியும். நம் வீட்டுக் கேபிளில் பழைய தரத்தில் வரும் தமிழ் அலைவரிசை ஒன்றிலோ இருப்பவை நான்கே கால் இலட்சத்துக்கும் குறைந்த புள்ளிகள். ஒரு புள்ளியை இருபதாக இழுத்து நிரப்பினாலன்றி அத்திரை நிறையாது. அதனால்தான் கடையில் கண்ணைப் பறித்த பெட்டி வீட்டில் நடிகர் திலகத்தின் முகத்தைச் சேற்றில் தோய்த்துக் காட்டுகிறது. போதாக்குறைக்கு, நொடிக்கு இருபத்துநான்கு படங்களாக எடுக்கப்பட்ட திரைப்படத்தின் இடையிடையே இப்பெட்டிகள் தாமே படங்களைப் புனைந்து செருகுகின்றன. காவியப் படமும் பிற்பகல் நெடுந்தொடர் போல் வழுக்கி ஓடுகிறது. இக்கொடுமையை நிறுத்திவைத்துப் பாருங்கள் என்று ஆலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2018இல் மக்களிடம் வேண்டிக்கொண்டார். பெட்டியின் அமைப்புப் பட்டியலுள் சென்று அதனை நிறுத்திவைத்த வீடு நம்மிடையே எத்தனை?

நாம் பார்ப்பது ஒருபுறம் இருக்க, நம்மைப் பெட்டி பார்ப்பதும் உண்டு. வாங்கியவர் அறியாமலே அவர் எதைப் பார்க்கிறார் என்று குறித்தனுப்பியதற்காக விசியோ என்னும் நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் 22 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. அவ்வாறு வேவு பார்த்த பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேல்.

இவையெல்லாம் பொருளின் குறைகள், திருத்திக்கொள்ளலாம். திருத்த இயலாதது வேறொன்று.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிற்று. 1982இல் வண்ணம் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து 1985 தொடக்கத்தில் மலையாள ஒளிபரப்பு வந்தது. அந்நாளில் தெருவுக்கு ஒரு பெட்டி, அதுவும் இருபது அங்குலம். 1987, 1988ஆம் ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இராமாயணத் தொடர் ஓடியபோது, பெட்டி உள்ள வீட்டின் கூடத்தில் பாய் விரித்து அண்டை வீடுகளெல்லாம் அமர்ந்தன. தொடரோ இந்தியில் நடந்தது. ஆகவே இந்தி அறிந்த ஒருவர் சொல்ல, பாட்டி ஒருத்தி "கம்பன் இப்படியா சொன்னான்?" என்று மறுக்க, மலையாளத்துச் சேச்சி எழுத்தச்சனைத் துணைக்கழைக்க, திரையில் நடந்ததைவிடக் கூடத்தில் நடந்ததே பெரிய இராமாயணமாயிற்று. அங்கே அமர்ந்திருந்த சிறுவர் தமிழ் கற்றனர். தொலைக்காட்சியிடமன்று, அதன் முன்னே வாதிட்டவர்களிடம்.

1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. 2006 முதல் தமிழ்நாட்டு அரசு பதினான்கு அங்குல வண்ணப் பெட்டிகளைக் கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு விலையின்றியே வழங்கிற்று. வீட்டுக்கு ஒன்று ஆனதும் அண்டை வீட்டார் வருவது நின்றது. திரை அகன்றுகொண்டே போயிற்று. கூட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்று அறுபத்தைந்து அங்குலத்தின் முன்னே பாட்டி மட்டும் இருக்கிறார். மகன் கைப்பேசியிலும் மருமகள் அடுக்களையிலும் பேரன் காதுப்பொறியிலும் இருக்கின்றனர். வீட்டில் முழுத்தமிழ் அறிந்த ஒரே மனிதரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, பேரனுக்குத் தமிழ் வரவில்லையே என்று கவலைப்படுகிறோம்!

கேரளத்தில் வாழும் நமக்கு இக்கவலை மிகையன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்குள்ள எல்லாப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். அதனைக் குறை கூறுவதற்கில்லை; வாழும் மண்ணின் மொழியைக் கற்பது கடமை. அதனோடு ஆங்கிலமும் இந்தியும் சேர்கின்றன. கொச்சி நகரில் வளரும் நம் பிள்ளைக்குத் தமிழ் கிடைக்கும் இடம் பெரும்பாலும் வீட்டுக் கூடம் ஒன்றே. அந்தக் கூடத்தைத்தான் நாம் திரைக்கு எழுதிக் கொடுக்கிறோம்.

கேட்டால் வராதா தமிழ் என்பர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பாட்ரீசியா கூல் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாதத்து அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு அமர்வுகளில் நேரில் கொஞ்சிப் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி உணரக் கற்றன. அதே பேச்சைப் படமாகத் திரையில் காட்டியபோதோ மற்றொரு குழுக் குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. பேசியவர் அவரே, மொழியும் அதுவே. ஆனால் திரையில் உள்ளவர் குழந்தையின் கண்ணைப் பார்த்து மறுமொழிக்குக் காத்திருப்பதில்லை.

"குழந்தை வேறு, வளர்ந்த பிள்ளை வேறு, இங்குள்ள மலையாளிகள் தமிழ்ப்படம் பார்த்தே தமிழ் அறியவில்லையா?" என்று நம் நண்பர்கள் மடக்குவதுண்டு. நல்ல கேள்வி. நம் அச்சமும் அதுவே. மலையாள நண்பர் பலருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். வசனம் சொல்வர், பாட்டுப் பாடுவர். அவர்களுக்கு அது பெருமை. தாய்மொழி வேறாயிருக்க அயல்மொழியை அவ்வளவு அறிந்திருப்பது பாராட்டுக்குரியது. நம் பேரப்பிள்ளைகளும் அந்த அளவிலேயே நின்றுவிட்டால்? "எனக்குத் தமிழ் புரியும், பேச வராது" என்று ஆங்கிலத்தில் சொல்லும் தமிழ்ப்பிள்ளைகளை ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் காண்கிறோம். தமிழுக்கு நல்ல இரசிகர்களை வளர்க்கிறோம், தமிழரை வளர்க்கிறோமா?

பெருந்திரையே தீது என்று நாம் கூறவில்லை. நோயுற்றவர்க்கும், கண் மங்கிய முதியவர்க்கும், வெளியே செல்ல இயலாதவர்க்கும் அது துணை. பலர் கூடிப் பார்ப்பதற்கென்றே பிறந்த பொருள் அது. 2022ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தின்போது நம் எர்ணாகுளம் மாவட்டத்து முண்டக்காமுகள் என்னும் ஊரில் பதினேழு நண்பர்கள் என்ன செய்தனர்? 23 இலட்சம் ரூபாய் திரட்டி ஒரு வீட்டையே வாங்கி, நாடுகளின் கொடி வண்ணங்களைத் தீட்டி, பெரிய திரையை அமைத்து, ஊரோடு கூடி ஆட்டம் பார்த்தனர். பணத்தை வீணாக்கினர் என்று சிரித்தவர் உண்டு. நமக்கு அவர்களே பெருந்திரையின் இலக்கணம் அறிந்தவராகத் தோன்றுகின்றனர். நம்மவர் திரைக்கு ஆள் தேடாமல் வாங்குகின்றனர். அவர்கள் ஆள் சேர்ந்தபின் திரைக்கு வீடு தேடினர்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். முப்பத்திரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. அது முதல் சிறியதற்கும் பெரியதற்கும் ஒரே வரி. மலிவென்று பெரிதாய் வாங்குவோர் தவணையிலும் வாங்குவர். வட்டியில்லாக் கடன் என ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குத் தெளிவுறுத்திவிட்டது. வட்டி எங்கோ ஒளிந்திருக்கும். கிடைக்க வேண்டிய தள்ளுபடியிலோ, கட்டணத்தின் பெயரிலோ.

ஆகவே இவ்வாண்டு ஓணத்துக்குப் பெட்டி வாங்கப் புறப்படும் அன்பர்கள் பாட்டியையும் பேரனையும் உடனழைத்துச் செல்வார்களாக. கடலையும் கிளியையும் நிறுத்திவிட்டு, வீட்டில் வரும் அதே கேபிள் அலைவரிசையில் பழைய தமிழ்ப்படம் ஒன்றை ஓடவிடச் சொல்லுங்கள். பாட்டி கதை சொல்லட்டும். பேரன் கேள்வி கேட்கட்டும். இருவரும் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்படிப் பார்க்க எத்தனை அங்குலம் போதும் என்பது அங்கேயே தெரியும். இதற்கெல்லாம் கடையில் வசதியில்லை என்பார்கள். அடுத்த கடைக்குச் செல்லலாம். பிராட்வேயில் கடைக்கா பஞ்சம்?