பனிக்குப் பழகிய பனை

பனை என்றதும் வெயிலும் செம்மண்ணும் நினைவுக்கு வருவது நமக்கு இயல்பு. ஆனால் பனி பொழியும் நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பனையை நட்டு, குளிர்காலம்தோறும் அதற்குக் காவலிருந்து, வசந்தத்தில் புதுக் குருத்து விரிவதைக் கண்டு மகிழ்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் சுவிட்சர்லாந்தில் வாழ்பவர்களுக்கு 2024 செப்டம்பர் 1 கசப்பான நாள். குளிர் தாங்கும் பனைகளுள் மிகப் பரவலாக வளர்க்கப்படும் ஒன்றை இறக்குமதி செய்வதும் விற்பதும் அன்று முதல் அந்நாட்டில் தடை செய்யப்பட்டன. அன்பளிப்பாகக் கொடுப்பதற்கும் தடைதான். ஏற்கெனவே தோட்டத்தில் நிற்கும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அதன் அடியில் முளைத்த கன்றைப் பிடுங்கி அண்டை வீட்டாருக்குக் கொடுக்க முடியாது. பனையின் மீது பற்றுடைய நாம் இத்தடையை வரவேற்கிறோம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர். பனை, தென்னை, கமுகு, ஈந்து, தாளி, கூந்தற்பனை என்று தனித்தனிப் பெயர்களை நிறைய வைத்திருக்கும் தமிழில் இவை அனைத்தையும் அடக்கும் பொதுப்பெயர் வழக்கில் இல்லை. பாடநூல்கள் 'பனைக் குடும்பம்' என்று சமாளிக்கின்றன. நாமும் அவ்வாறே சமாளிப்போம். தடை செய்யப்பட்ட மரத்தின் அறிவியற்பெயர் டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி. ஆங்கிலேயர் இதைச் சூசான் பனை என்றழைத்தனர். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் சணற்பனை என்று பொருள்படும். அந்தப் பெயரே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் அதன் தண்டு முழுவதும் பழுப்பு நிற நார்வலை சுற்றியிருக்கிறது. நம்மூரில் அதற்குப் பன்னாடை என்று பெயர். வசைச்சொல்லாக மட்டும் அச்சொல்லை அறிந்திருப்பவர்கள் இம்மரத்தைப் பார்த்தால் பன்னாடையின் மீது மரியாதை கொள்வார்கள். சீனத்தில் அந்த நாரைக் கொண்டு கயிறும் துடைப்பமும் மழையங்கியும் செய்தார்கள்.

பனைக்குக் குளிர் ஏன் இவ்வளவு பெரிய சோதனை என்பதற்கு விடை அதன் உடலமைப்பில் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வைரம் வெளியே இருப்பவற்றைப் புல் என்றும் உள்ளே இருப்பவற்றை மரம் என்றும் அது கொள்கிறது. அக்கணக்கில் பனை மரமன்று, புல். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லும் மூங்கிலும் அடங்கிய ஒருவித்திலைப் பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஓக் மரம் ஆண்டுதோறும் பட்டைக்கு உட்புறம் புதிய திசு வளையமொன்றை உண்டாக்கிக் கொள்கிறது. குளிரில் நீர்க்குழாய்கள் உறைந்து காற்றுக்குமிழ் அடைத்துக்கொண்டாலும் அடுத்த வசந்தத்தில் அதற்குப் புதிய குழாய்கள் கிடைத்துவிடும். பனைக்கு அந்த வசதி இல்லை. பிறந்தபோது கிடைத்த குழாய்களைக் கொண்டே அந்தத் தண்டு தன் காலம் முழுவதையும் ஓட்ட வேண்டும். அது இலையுதிர்த்து உறங்குவதுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளர்முனை ஒன்றே ஒன்றுதான். கொண்டையில் ஒளிந்திருக்கும் அந்தக் குருத்து செத்தால் மரம் செத்தது. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய குறைகளோடு பிறந்த குடும்பத்தில், ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி வரை தாங்கக்கூடிய ஒன்று தோன்றியது வியப்புதான். ஜப்பானில் தங்கியிருந்த சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் வழியாக 1830ஆம் ஆண்டளவில் இதன் விதைகள் ஐரோப்பாவுக்கு வந்தன. பின்னர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்திலிருந்து அனுப்பிய கன்றுகள் 1849இல் லண்டனின் கியூ தோட்டத்தை அடைந்தன. தேயிலைச் செடிகளையும் அதன் தொழில்நுட்பத்தையும் சீனத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கடத்திவந்த அதே ஃபார்ச்சூன்தான். அவர் பெயரையே இப்பனை சுமக்கிறது. கண்ணாடி வீட்டுக்குள் வைக்கப்பட வேண்டியதென்று கருதப்பட்ட ஒரு பனை திறந்த வெளியில் ஆங்கிலக் குளிரைத் தாங்கி நின்றதைக் கண்டபின், செல்வர்களின் தோட்டங்களில் அது பரவியதில் ஆச்சரியமில்லை.

குளிர்நாட்டில் பனை வளர்ப்பவர்களின் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர்ந்தால் அநியாயமாகிவிடும். அது உண்மையிலேயே நுட்பமானது. புதிதாக இறங்குகிறவர்கள் வெப்பமானியை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அனுபவமுள்ளவர்கள் அஞ்சுவது ஈரத்துக்கு. கொண்டைக்குள் தேங்கிய மழைநீர் உறைந்தால் குருத்தின் அடி நைந்துவிடுகிறது. பிறகு வசந்தத்தில் நடுக்குருத்தைப் பிடித்து இலேசாக இழுத்தாலே அது கையோடு வந்துவிடும். பலுசிஸ்தானத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் பாய் முடையப் பயன்படும் மசரிப் பனை கடும் உறைபனியைத் தாங்கக்கூடியது. ஆனால் ஈரமும் குளிரும் சேர்ந்து வரும் இங்கிலாந்தின் மழைக்காலத்தில் அது அழுகிப்போகிறது. ஆகவே அனுபவசாலிகள் நீர் வடியும் மேட்டில், தெற்கு நோக்கிய சுவரின் அணைப்பில் நடுகிறார்கள். கோடை முழுவதும் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கட்டுமென்று வசந்தத்திலேயே நட்டுவிடுகிறார்கள். உறைபனி வருமுன் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, வேரடியில் சருகு பரப்பி, கொண்டைக்குள் உலர்ந்த வைக்கோலைத் திணித்து, காற்றோட்டமுள்ள துணியால் போர்த்துகிறார்கள். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றுவது பனைக்குச் செய்யும் தீங்கு; உள்ளே வியர்த்து அழுகும். மிகவும் குளிர்ந்த இடங்களில் தண்டைச் சுற்றி மின்வெப்பக் கம்பி கட்டுவோரும் உண்டு. பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்யும் பணிவிடை போன்றதுதான் இது. இதைப் பித்து என்று ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை.

இடையில் ஒரு திருத்தம். இங்கிலாந்தின் டார்கீ கடற்கரையிலும் ஸ்காட்லாந்தின் பிளாக்டன் சிற்றூரிலும் 'பனைமரங்கள்' நிற்பதாகப் பயணக்கட்டுரைகள் வியக்கும். அவற்றுள் பெரும்பாலானவை பனையே அல்ல. நியூசிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட கார்டிலைன் என்ற செடி, தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவினம். 2010 டிசம்பரில் பிரிட்டனைத் தாக்கிய கடுங்குளிரில் இவை பெருமளவில் கருகின. உண்மையான சணற்பனைகள் பெரும்பாலும் தப்பின.

இனி சுவிட்சர்லாந்தின் தென்கோடியிலுள்ள டிச்சினோ மாநிலத்துக்கு வருவோம். இத்தாலிய மொழி பேசும் பகுதி அது. ஆல்ப்ஸ் மலைகள் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்கின்றன. லுகானோ, மச்சோரே ஏரிகள் வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அலங்காரத்துக்காக நடப்பட்ட சணற்பனைகள் ஏரிக்கரை விடுதிகளுக்கு அழகு சேர்த்தன. பனியால் மூடிய மலை பின்னணியில் நிற்க, முன்னால் ஒரு பனை: வடக்கிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்க இதைவிடச் சிறந்த சுவரொட்டி கிடையாது. நெடுங்காலம் அவை நட்ட இடத்திலேயே நின்றன. கனிகள் விழுந்தன, முளைத்தவை பனியில் மடிந்தன. கடந்த சில பத்தாண்டுகளாக முளைத்தவை மடியவில்லை. கருநீலக் கனிகளைத் தின்ற பறவைகள் விதைகளைக் காட்டுக்குள் கொண்டுபோயின. அங்கே செஸ்ட்நட் போன்ற இலையுதிர் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும்போது, என்றும் பசுமையான பனங்கன்றுகள் கிடைத்த ஒளியையெல்லாம் எடுத்துக்கொண்டன. இன்று அவ்வேரிக்கரைகளின் சில காடுகளில் தரையே தெரியாதபடி பனங்கன்றுகள் அடர்ந்திருக்கின்றன. கியான்ரேட்டோ வால்டரும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இப்பரவலுக்குக் குளிர்காலம் மிதமாகி வருவதே முதன்மைக் காரணம் என்று காட்டியது. டோக்கியோ நகருக்கு நடுவிலுள்ள ஷிரோகானே காட்டிலும் இதே பனை இப்படித்தான் பெருகியிருக்கிறது.

நம் மனத்தை உறுத்துவது இதுதான். குளிர்நாட்டுப் பனை வளர்ப்பின் இன்பமெல்லாம் வெல்ல முடியாத ஒன்றோடு மல்லுக்கட்டுவதில் இருந்தது. அந்தப் போட்டியில் எதிராளி இப்போது களத்தை விட்டு விலகிக்கொண்டிருக்கிறான். "எங்கள் ஊரில் இப்போது போர்த்தாமலே பனை பிழைக்கிறது" என்று தோட்டக்காரர் பெருமைப்பட்டால், அப்பெருமையில் அவர் கைக்கு உரிய பங்கு எவ்வளவு, சூடேறிய வளிமண்டலத்துக்கு உரிய பங்கு எவ்வளவு? பாதுகாப்புக்கு ஏங்கும் செடி வேலி தாண்டாது. வேலி தாண்டுவது, நம்மை வேண்டாத செடிதான்.

காட்டில் ஒரு பனை கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கப்படலாம். ஆல்ப்ஸ் சரிவுகளில் காடு என்பது வெறும் பசுமையன்று. பாறையும் மண்ணும் கீழேயுள்ள ஊர்களின் மீது சரியாமல் தடுத்து நிறுத்தும் அரண். ஆழமாகவும் அகலமாகவும் வேரோடும் மரங்களின் இடத்தைச் சல்லிவேர்ப் பனைகள் பிடித்துக்கொண்டால், அந்த அரண் நாளடைவில் மெலியும். காய்ந்து தொங்கும் ஓலைகளும் நார்த்தண்டும் தீப்பற்ற எளியவை என்பதும் தனிக்கவலை. இன்னொரு எதிர்ப்பு சற்று நியாயமானது. டிச்சினோவின் சிக்கலுக்காகப் பனி கொட்டும் மலையூர்க்காரரும் ஏன் தண்டனை பெற வேண்டும்? பள்ளத்தாக்குக்கு ஒரு சட்டம் இயற்றி எந்த நாற்றுப்பண்ணையையும் கட்டுப்படுத்த முடியாது என்பதே நம் பதில். தவிர, இன்று பனை பிழைக்காத ஊரில் முப்பது ஆண்டுகள் கழித்தும் அது பிழைக்காது என்று உறுதி கூற யாரால் முடியும்? நட்ட மரம் அதுவரை நிற்கும்.

சட்டம் இல்லாத நாடுகளில் என்ன செய்யலாம்? சணற்பனையிலும் நம்மூர்ப் பனையைப் போலவே ஆண் வேறு, பெண் வேறு. பெண்பனை மட்டுமே காய்க்கும். திருவோத்தூரில் ஆண்பனைகளைக் காய்க்கச் செய்த சம்பந்தர் கதையை அறிந்தவர்களுக்குச் சொல்கிறோம்: இங்கே தேவைப்படுவது நேர் எதிரான அற்புதம். கன்று ஆணா பெண்ணா என்பது பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே வசந்த இறுதியில் மஞ்சள் பாளை வெளிவந்ததும், கனியாவதற்கு முன் அரிந்துவிடுவதே எளிய வழி. ஏணியும் கத்தரியும் போதும். போர்வை போர்த்த ஆண்டுக்கு இருமுறை ஏணி ஏறுகிறவருக்கு மூன்றாவது முறை ஏறுவது பாரமா? காட்டில் முளைத்தவற்றையும் ஒழிக்கலாம். தண்டுவிட்ட மரத்தை அடியோடு வெட்டினால் அது மீண்டும் துளிர்க்காது. எந்த ஒற்றைக் குருத்து குளிரில் அதன் பலவீனமோ, அதுவே இங்கே காட்டுக்குத் துணை.

வேறு பனைகளும் இல்லாமலில்லை. அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வரும் ஊசிப்பனை குளிர் தாங்குவதில் எல்லாவற்றையும் விஞ்சியது. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியிலும் பிழைக்கும். ஆனால் மிக மெதுவாக வளர்வதாலும் தரையோடு புதராகக் கிடப்பதாலும் பொறுமையற்றவர்கள் அதை விரும்புவதில்லை. மத்தியதரைக் கடலோரத்தின் குட்டைப்பனை இன்னொன்று. அதன் புகழ்பெற்ற மாதிரி இத்தாலியின் பாதுவா தாவரத்தோட்டத்தில் இருக்கிறது. 1585இல் நடப்பட்டது. 1786இல் அங்கு வந்த கவிஞர் கெத்தே, ஒரே மரத்தில் எளிய ஓலை படிப்படியாகப் பிளந்து விசிறியாவதைக் கண்டார். 1790இல் தாவரங்களின் உருமாற்றம் குறித்து அவர் எழுதிய நூலுக்கு வழிவகுத்த காட்சிகளுள் அது ஒன்று. அப்பனைக்கென்று ஒரு கண்ணாடி வீடு கட்டி இன்றும் பாதுகாக்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்களின் தயவில் வாழ்கிறது.

ஆனால் இறக்குமதியான பனைகளோடு வேறு சிலவும் வந்துவிடுகின்றன. தென்னை விவசாயிகளுக்கு நன்கு அறிமுகமான சிவப்புக் கூன்வண்டு 1990களில் ஸ்பெயினை அடைந்து, பிறகு மத்தியதரைக் கடற்கரையின் கனாரிப் பனைகளைக் கொத்துக்கொத்தாக வீழ்த்தியது. தென்னமெரிக்காவின் ஓர் அந்துப்பூச்சியும் அவ்வாறே வந்து, சணற்பனையையும் குட்டைப்பனையையும் குடைகிறது. விதையிலிருந்து வளர்ப்பதே நல்லது என்பது இதனாலும்தான்.

கடைசியாக ஒரு முரண். சணற்பனையின் மிக நெருங்கிய உறவினம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. உத்தராகண்டின் குமாவுன் மலைகளில், பனி பொழியும் உயரத்தில் வளரும் தாகில் பனை. தாகில் என்பது அங்குள்ள மலையின் பெயர். இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி 1905இல் அதை விவரித்துப் பெயரிட்டார். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அப்பெயரைக் கேட்டாலே விலை பேசத் தயாராகிறார்கள். அப்பெயரில் அவர்களுக்கு விற்கப்படுபவற்றில் பல வெறும் சணற்பனைகளே. உண்மையான தாகில் பனையோ, அதன் சொந்தச் சரிவுகளில் ஓலைக்கும் நாருக்கும் வெட்டப்பட்டு, காடு சுருங்கச் சுருங்கக் குறைந்துகொண்டே போகிறது. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஓர் உறவினம் வேண்டாமலே பெருகும் அதே காலத்தில், பித்தோராகட் அருகே எஞ்சியுள்ள மற்றொன்றை ஓக் மரங்களுக்கிடையே தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. அதன் விதைகளைச் சேகரித்து அம்மலையிலேயே திரும்ப நடும் வேலைக்கு, குளிர்நாட்டுப் பனைப்பித்தர்களின் கைப்பக்குவம் நன்றாகவே பயன்படும்.