தோட்டாவும் நம் பெருமையும்

2020 மார்ச்சில் அமெரிக்கர்கள் தோட்டா வாங்க வரிசையில் நின்ற படத்தைப் பகிர்ந்து, 'நம் பண்பாடு வேறு' என்று பெருமை கொள்ளும் பதிவுகள் இன்றும் கண்ணில் படுகின்றன. அந்தப் பெருமை பொய்.

துப்பாக்கி தொடர்பாக அம்மாதம் அங்கே நடந்த பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 37 லட்சம். மார்ச் 28இல் அந்நாட்டு அரசின் வழிகாட்டுதல், தோட்டா விற்போரையும் அத்தியாவசியப் பணியாளராக்கியது. கிருமியைச் சுட முடியாது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாததா? அவர்கள் அஞ்சியது பக்கத்து வீட்டாரை.

நம்மைத் தடுத்தது பண்பாடன்று, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமமின்றி இங்கே ஒரு தோட்டாவும் வாங்க இயலாது. அச்சத்துக்கு உரிமம் தேவைப்படவில்லை. அதே மார்ச்சில் கர்நாடகம் காசர்கோட்டு எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டியது. மங்களூர் மருத்துவமனைகளை நம்பியிருந்த நோயாளிகள் சிலர் வழியிலேயே இறந்தனர். மே மாதம் வெளியிலிருந்து வருவோர்க்குக் கேரளம் திறந்தவை 6 வாயில்கள். வாளையார் இருந்தது, எங்கள் கோவிந்தாபுரம் இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்து உறவினர்கள் ஒரே இரவில் 'வெளிமாநிலத்தவர்' ஆயினர். அச்சொல்லை அரசாணை மட்டும் சொல்லவில்லை. எங்கள் தெருவும் சொன்னது, தமிழிலேயே.