12 வோல்ட்டும் சுடும்

காரில் குளிர்பானமும் பாலும் மருந்தும் எடுத்துச் செல்வதற்கென்று செய்யப்பட்ட 12 வோல்ட் குளிர்பெட்டி, மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் வீட்டுக்குள் வந்து நாளாயிற்று. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் தண்ணீர் விற்பவர் பகலெல்லாம் அதை வீட்டுச் சுவரில் செருகிக் குளிரவைக்கிறார். படுக்கையறையில் குழந்தையின் பாலுக்கும் பாட்டியின் இன்சுலினுக்கும் அதுவே இடம். பெட்டியோடு ஒரு நம்பிக்கையும் வந்திருக்கிறது: 12 வோல்ட்தானே, ஒன்றும் செய்யாது, கையில் கிடைத்த அடாப்டரே போதும், பில்லும் ஏறாது. இதில் ஒன்றுகூட உண்மையில்லை. கடைசி நம்பிக்கையால் பணம்தான் போகும். மற்றவை வீட்டையே கொளுத்தக்கூடியவை.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரியாத விஷயமல்ல. பல தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஜெனரேட்டர் மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டுமே கிடைத்த காலம் ஒன்று உண்டு. தொழிலாளர் வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தருவதை முதலாளிகளின் கடமையாக்கிய 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டத்துக்கு முற்பட்ட காலம் அது. அப்போது ரேடியோவும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியும் கார் பேட்டரியில்தான் ஓடின. பேட்டரியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்கள். அதன் இரு முனைகளையும் வெறுங்கையால் தொட்டாலும் ஷாக் அடித்ததில்லை. அந்தத் தலைமுறையின் அனுபவம் பொய்யல்ல. உலர்ந்த தோலைத் தாண்டி உடலுக்குள் ஆபத்தான அளவு மின்னோட்டத்தைச் செலுத்த 12 வோல்ட்டுக்கு வலு போதாது.

ஆனால் ஷாக் வேறு, சூடு வேறு. கம்பியைச் சூடாக்குவது வோல்ட் அல்ல, அதில் ஓடும் ஆம்பியர். கார் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும்: பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் தீப்பொறி பறந்து இரும்பே உருகி ஒட்டிக்கொள்ளும். அதுவும் 12 வோல்ட்தான்.

60 வாட் குளிர்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வீட்டின் 230 வோல்ட்டில் அதே சக்தியை எடுக்க கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் ஏறத்தாழ 19 மடங்கு. சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், ஒரே கம்பியில் வீணாகும் சூடு 350 மடங்குக்கும் மேல். அந்தக் காலத்துச் சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்றரை ஆம்பியர் அளவில், அதுவும் இரவில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் எடுத்தது. குளிர்பெட்டி இரவும் பகலும் நிற்காமல் எடுக்கிறது.

இந்தச் சூடு முதலில் தங்கும் இடம் லைட்டர் சாக்கெட். சிகரெட் பற்றவைக்கும் கம்பிச்சுருளுக்காக உருவான அமைப்பு அது. வெறும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். அடாப்டர் வயரின் நுனியில் தொங்கும் மலிவான சாக்கெட்டில், தூசியும் துருவும் சேர்ந்து தொடும் இடத்தின் மின்தடை அரை ஓம் ஆனால், 5 ஆம்பியருக்கு அங்கே 12 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். சிறிய சாலிடரிங் அயர்ன் ஒன்றின் பாதிச் சக்தி, விரல் பருமனுள்ள பிளாஸ்டிக்குக்குள் இரவு முழுவதும் அடைபட்டுக் கிடக்கிறது. பிளக்கின் நுனி பழுப்பாகி இளகுவது இதனால்தான். சுவர்ப் பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் இதைத் தடுக்காது. ஏறத்தாழ 3,000 வாட் வரை விட்டுக்கொடுக்கும் ஃபியூஸுக்கு, மறுமுனையில் 12 வாட் பிளாஸ்டிக்கை உருக்குவது தெரியப்போவதில்லை.

வயரும் அப்படித்தான். அடாப்டர் மேசைமேல், பெட்டி அறையின் மறுகோடியில் என்று அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 5 மீட்டர் இழுத்தால், போக வர 10 மீட்டர். 5 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 1.7 வோல்ட் தொலைந்து, பெட்டிக்குப் போய்ச் சேர்வது 10.3 வோல்ட். கார் பேட்டரி முழுவதும் தீர்ந்துவிடாமல் காக்க, கம்பிரசர் வைத்த பெட்டிகளில் 10, 11 வோல்ட்டை ஒட்டி ஒரு துண்டிப்பு அளவு வைத்திருப்பார்கள். பெட்டி அந்த அளவில் நின்றுவிடும், சற்றுப் பொறுத்து மறுபடி முயலும், மறுபடி நிற்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று பழுது பார்க்க எடுத்துப் போகிறார்கள். பழுது பெட்டியில் இல்லை, கொடுத்த மின்சாரத்தில்.

இணைய மோடத்தின் 1 ஆம்பியர் அடாப்டரையும் கண்காணிப்புக் கேமராவின் 2 ஆம்பியர் அடாப்டரையும் இதே பெட்டிக்கு மாட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வோல்ட் பொருந்தினால் போதாது, ஆம்பியரும் பொருந்த வேண்டும். நல்ல அடாப்டர் சுமை தாங்காமல் தன்னை நிறுத்திக்கொள்ளும்; மலிவானது தாங்குவதுபோல் நடித்து உள்ளே வெந்துகொண்டிருக்கும். மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பெட்டியைப் பாழாக்கும். கார் பேட்டரி சார்ஜரை நேராக இணைப்பதும் தவறு. பழைய வகைச் சார்ஜர்கள் தருவது ஏறி இறங்கும் மின்சாரம். இடையில் பேட்டரி இருந்தால்தான் அது சமமாகும்.

மலிவான அடாப்டரில் ஷாக் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. உள்ளே 230 வோல்ட் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளியும் காப்பும் விட்டுக் கட்டியிருக்க வேண்டும். செலவைக் குறைக்க அதில் கைவைத்தால், காப்பு உடையும் நாளில் வீட்டு மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய வயருக்கு வந்துவிடும். அப்போது 12 வோல்ட் என்ற எழுத்து யாரையும் காப்பாற்றாது. இரண்டு முனைப் பிளக்கோடு வரும் அடாப்டரை, எர்த் துளைக்குள் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து செருகுவது இன்னும் மோசம். குழந்தையின் விரலுக்காக வைத்த தடுப்பை அப்படித் திறந்து காட்டுவது, குழந்தைக்கே அந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பதாகும். சிரிம் தரச்சான்று முத்திரை உள்ள மூன்று முனைப் பிளக் இல்லாத அடாப்டரை வாங்கவே கூடாது. பழைய லய வீடுகளில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. வேலை செய்கிறதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

பில் ஏறாது என்ற பேச்சுக்கும் கணக்கில் ஆதாரமில்லை. மலிவான பெட்டிகளில் கம்பிரசர் கிடையாது. 1834இல் பிரெஞ்சுக்காரர் பெல்தியே கண்டறிந்த விளைவில் அவை இயங்குகின்றன: இரு வேறு பொருள்கள் சேரும் இடத்தில் மின்னோட்டம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடேறும். இவற்றுள் பலவற்றில் வெப்பநிலையைப் பார்த்து ஓய்வெடுக்கும் அமைப்பும் இல்லை. 50 வாட் எடுக்கும் பெட்டி, அடாப்டரில் வீணாவதையும் சேர்த்துச் சுவரிலிருந்து 59 வாட் இழுக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 42 யூனிட், ஆண்டுக்கு 500க்கு மேல். நடுத்தர அளவுள்ள சிக்கனமான வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்கு 200 முதல் 350 யூனிட்டில் குடும்பம் முழுவதற்கும் உணவைக் காக்கிறது.

அந்தச் செலவுக்குக் கிடைக்கும் குளிர்ச்சியாவது போதுமா? பெல்தியே பெட்டி அறை வெப்பத்தைவிட 15 முதல் 20 பாகை குறைக்கும், அவ்வளவுதான். கெடாவில் மழையற்ற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே 34 பாகை என்றால், பெட்டிக்குள் 14 முதல் 19 பாகை. தண்ணீர் சில்லென்றிருக்கும், பால் திரியும். திறக்காத இன்சுலினுக்கு வேண்டியது 2 முதல் 8 பாகை. அந்தப் பெட்டியில் மாதக்கணக்கில் வைத்த மருந்து வீரியம் குறைந்துவிடும். பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. இரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரியவரும். கேட்டால் உணவில் கட்டுப்பாடில்லை என்று நோயாளியைக் குறை சொல்வார்கள்.

காரில் ஓடும் பெட்டியை வீட்டில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், அதன் தயாரிப்பாளரே தரும் அடாப்டரை வாங்குவது முறை. சில தயாரிப்பாளர்கள் தங்கள் கம்பிரசர் பெட்டிகளுக்கு 24 வோல்ட் அடாப்டர் தருகிறார்கள்; மின்னோட்டம் பாதியாகிவிடும். வேறு அடாப்டர் என்றால் பெட்டி எடுப்பதைப்போல் இரு மடங்கு தாங்குவதாக இருக்க வேண்டும். 5 ஆம்பியர் பெட்டிக்கு 10 ஆம்பியர். நீளம் தேவைப்பட்டால் 230 வோல்ட் பக்கத்தில் நீட்ட வேண்டும், 12 வோல்ட் வயரை நீட்டக் கூடாது. அடாப்டரை மெத்தைமேலோ துணிக்கு அடியிலோ வைக்கக் கூடாது. ஓட்டத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து லைட்டர் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட்டை அன்றே மாற்ற வேண்டும். இன்சுலினை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில், உறைபெட்டியை ஒட்டாமல் வைக்க வேண்டும். உறைந்த இன்சுலினும் பயன்படாது.