பாட்டு மட்டும் போதும், பேச்சு வேண்டாமா?

"காசு குடுத்து டிக்கெட் வாங்குறது பாட்டு கேக்கத்தான், பிரசங்கம் கேக்க இல்ல." ஸ்டீவ் எர்ல் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். குர்காவ்னில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு கிடார் பிரியர் இன்னும் ஒரு படி மேலே போய், "பேச்சு வந்தா தள்ளிவிட்டுட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுவேன்" என்றார். அது அவர் உரிமை. ஆனால் அதை ஒரு கொள்கையாகவே சொல்லும்போது சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. எர்ல் 1955-ல் பிறந்தவர், டெக்சாஸில் சான் அன்டோனியோ பக்கம் வளர்ந்தவர். 1986-ல் 'கிடார் டவுன்' ஆல்பம் வந்தபோது நாஷ்வில்லே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அப்புறம் போதை, 1994-ல் சிறை. வெளியே வந்து 1995-ல் 'ட்ரெய்ன் எ கமின்' போட்டார். நாஷ்வில் கம்பெனிகளின் பளபளப்புக்கு வெளியே நிற்கிற கன்ட்ரி இசையை ஆல்டர்னேடிவ் கன்ட்ரி என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் மூத்த முரட்டு ஆசாமி இவர்.

2003-ல் வந்த 'ஜஸ்ட் அன் அமெரிக்கன் பாய்' இவரது கச்சேரிப் பதிவு. இரட்டை ஆல்பம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாட்டுக்கு நடுவே அவர் பேசியதை வெட்டி எறியாமல் தனித் தடங்களாகவே வைத்திருப்பது. மரண தண்டனையை எதிர்ப்பதாகச் சொல்கிற பேச்சும் அப்படி ஒரு தடம்தான். 'ஓவர் யாண்டர்' பாட்டும் அதே கச்சேரியில் இருக்கிறது.

பேச்சைத் தள்ளிவிட்டு அந்தப் பாட்டை மட்டும் கேளுங்கள். யாரோ யாரிடமோ விடைபெறுகிற மென்மையான பாட்டு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். பாடுகிறவன் டெக்சாஸில் மரண தண்டனைக் கைதி. ஜோனதன் என்ற அந்த மனிதர் இரண்டு இளம்பெண்களைக் கொன்றவர். எர்ல் அவரோடு பல வருடம் கடிதத் தொடர்பில் இருந்தார். 1998-ல் தண்டனை நிறைவேறியபோது சாட்சியாக அந்த அறைக்கு வெளியே நின்று பார்த்தார். ஜோனதன் குற்றமற்றவர் என்று எர்ல் வாதாடவில்லை. ஜனநாயகத்தில் அரசாங்கம் என்பது நான்தான் என்றால், அரசாங்கம் கொல்லும்போது நானும் சேர்ந்துதான் கொல்கிறேன் என்பது அவர் கட்சி. இதோடு நீங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் இது தெரியாமல் அந்தப் பாட்டைக் கேட்டேன் என்று சொல்வது, கடுதாசியைப் படிக்காமல் கவரின் அழகை ரசித்தேன் என்பது மாதிரி.

"சரிப்பா, கலைஞனுக்கு எதுக்கு அரசியல்?" இது அடுத்த கேள்வி. 2002-க்குப் போவோம். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. தாலிபான்களோடு ஆப்கானிஸ்தானில் பிடிபட்ட இருபது வயது அமெரிக்க இளைஞன் ஜான் வாக்கர் லிண்ட். அவன் பார்வையில் எர்ல் ஒரு பாட்டு எழுதினார். 'ஜான் வாக்கர்ஸ் ப்ளூஸ்'. எனக்கும் ஏறக்குறைய இதே வயதில் ஒரு மகன் இருக்கிறான், அந்தக் கண்ணோடுதான் இவனைப் பார்த்தேன் என்று விளக்கம் சொன்னார். யார் கேட்டார்கள்? ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே துரோகி என்று வசவு ஆரம்பமாகிவிட்டது.

அதே 2002-ல் டோபி கீத் பாடிய 'கர்ட்டெஸி ஆஃப் த ரெட், ஒயிட் அண்ட் ப்ளூ' வந்தது. எதிரியை உதைப்போம் என்று மார்தட்டுகிற பாட்டு. பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அங்கே எத்தனை பேர் "பாட்டில் அரசியல் வேண்டாம்" என்று கொடி பிடித்தார்கள்? அடுத்த வருடம் மார்ச்சில் டிக்ஸி சிக்ஸ் குழுவின் நடாலி மெயின்ஸ் லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் பேசினார். ரேடியோக்கள் அவர்கள் பாட்டுகளை நிறுத்தின. போருக்கு ஆதரவாக ஒரு முழுப் பாட்டு பாடலாம், எதிராக ஒரு வாக்கியம் பேசக்கூடாது. ஆக, நம்மவருக்கு அலர்ஜி அரசியல் மீது இல்லை. தனக்குப் பிடிக்காத அரசியல் மீதுதான். அதை நேராகச் சொல்லிவிட்டால் சண்டையாவது நேர்மையாக இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. எர்ல் கச்சேரிகளில் கூட்டம் எழுந்து ஆடுகிற பாட்டு 1988-ல் வந்த 'காப்பர்ஹெட் ரோடு'. கள்ளச்சாராயம் காய்ச்சிய குடும்பத்துப் பையன் வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பி, கஞ்சா பயிரிடுகிற கதை. ஏழைப் பிள்ளைகள்தான் முதலில் ராணுவத்துக்குப் போகிறார்கள் என்று அந்தப் பாட்டே சொல்கிறது. இது அரசியல் இல்லாமல் வேறென்ன? தாளம் நன்றாக இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. 2023-ல் டென்னசி மாநிலம் இதை அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றாக்கியது. 2025-ல் கிராண்ட் ஓல் ஆப்ரி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 2002-ல் வசை விழுந்த அதே நாஷ்வில்தான். இருபது வருடம் கழித்து மாலை போடுவது சுலபம். திட்டு விழுகிற அன்றைக்குக் கூட நிற்பதுதான் கஷ்டம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசியல் பாட்டு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. 2004-ல் வந்த 'த ரெவல்யூஷன் ஸ்டார்ட்ஸ் நவ்' கிராமி வாங்கியது. ஆனாலும் அதில் காண்டலீசா ரைஸைக் கிண்டல் செய்கிற பாட்டு எனக்கு ஒரு தடவைக்கு மேல் தாங்கவில்லை. அது மோசமாக இருக்கிறது என்று சொல்லுங்கள், நானும் கை தூக்குகிறேன். அரசியல் என்பதால் மோசம் என்று சொல்லாதீர்கள்.

எங்கேயோ டென்னசி சண்டைக்கு உனக்கென்னய்யா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஆண்டு விழாவுக்கு ஒரு பையன் சொந்தமாக ஹிந்தியில் பாட்டு எழுதினான். ராத்திரி நம் கேண்டீனைக் கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு நம் பேருந்தில் இடமில்லை என்பதுதான் விஷயம். ஒத்திகையில் கேட்ட மேலாளர் தோளைத் தட்டி, "பிரமாதம்! ஆனா விழால ஏதாவது பாசிட்டிவா பாடேன்" என்றார். பையன் ஒரு சினிமாக் காதல் பாட்டு பாடினான். எல்லோரும் கைதட்டினோம். அந்தத் தொழிலாளிகள் அன்று ராத்திரியும் ஷேர் ஆட்டோ பிடிக்க மெயின் ரோடு வரை நடந்துதான் போனார்கள்.

ஊரை விட்டு வந்து பிழைக்கிற நாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பிழைப்புக்கான புத்திசாலித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு எனக்கும் காரணங்கள் உண்டு, வீட்டுக் கடன் உட்பட :-) ஆனால் அந்த வாய்ப்பூட்டை நமக்குப் பதிலாகப் பேசுகிறவன் வாயிலும் மாட்டிவிட்டு, அதற்கு ரசனை என்று பெயர் வைக்காதீர்கள். அடுத்த தடவை அந்த ஆல்பத்தைப் போடும்போது, பேச்சு வருகிற இடத்தில் மட்டும் விரலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.