கல்லூரி வேதியியலைத் தமிழ் தாங்கும்

உயர்நிலை அறிவியலைத் தமிழ் தாங்காது என்போர் இன்னும் குறைந்தபாடில்லை. பள்ளி வரையில் தமிழ் போதும், கல்லூரி வாயிலில் கால் வைத்தவுடன் ஆங்கிலமே வழி என்பது அவர்தம் துணிபு. இதற்குப் பொதுவாக மறுமொழி கூறிப் பயனில்லை. ஒரு பாடத்தை எடுத்து உரைத்துப் பார்த்தல் வேண்டும். கல்லூரி வேதியியலின் தொடக்கத்தில் மாணவன் இடறும் இடங்கள் மூன்று: கரைசல், வினைவிரைவு, சமநிலை. அவன் இடறுவதற்குக் கரணியம் தமிழின் வறுமையா, பொருள் விளங்காத அயற்சொல்லை நெட்டுருச் செய்தலா?

முதற்கண் கரைசல். கரைவது கரைபொருள், கரைப்பது கரைப்பான், இரண்டுங் கூடி நிற்பது கரைசல். ஒரே வேரினின்று கிளைத்த இம்மூன்றையும் ஒருமுறை கேட்ட மாணவன் பின்னர் மயங்கான். கரைபொருள் எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதைக் குறிப்பது செறிவு. 25 பாகை வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் கறியுப்பை ஏற்கும். அதற்கு மேல் இட்டது அடியில் தங்கும். அந்நிலையைத் 'தெவிட்டிய கரைசல்' என்கின்றன தமிழகப் பாடநூல்கள். இனிப்பு தெவிட்டுதலை அறியாத பிள்ளை உண்டோ? 'பூரிதக் கரைசல்' என்னும் பழைய வடசொல் இவ்விளக்கத்தைத் தரவில்லை. ஆயின் அதே பாடநூல்கள் அடுத்த நிலையை 'அதிதெவிட்டிய' என்று வடமொழி முன்னொட்டால் கெடுத்து வைத்துள்ளன. 'மீத்தெவிட்டிய' எனின் என்ன குறை?

வெடியுப்பு 20 பாகையில் 100 கிராம் நீருக்கு ஏறத்தாழ 32 கிராம் கரையும். 60 பாகையில் 110 கிராம் வரை கரையும். கறியுப்போ நீர் கொதிக்கும் வெப்பநிலையிலும் 39 கிராம் அளவே கரையும். ஆகவே வெடியுப்பைச் சூடாக்கிக் கரைத்துக் குளிர்வித்துப் பிரிக்கலாம். கறியுப்பைப் பிரிக்க நீரை ஆவியாக்கல் வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பது அதுவே. கடல்நீரில் உள்ள உப்புகள் ஏறத்தாழ 3.5 விழுக்காடு. வெயிலில் நீர் வற்றிச் செறிவு ஏறுங்கால் கால்சியம் சல்பேட்டு படியும். பின்னர்க் கறியுப்பு பூக்கும். மகனீசிய உப்புகள் எஞ்சிய கசப்புநீரில் நிற்கும். இதனை நாள்தோறும் காணும் உப்பளத் தொழிலாளியின் மகனுக்குக் கரைதிறன் அயலான பாடமன்று. அதனை அயலாக்குவது மொழியே.

அடுத்தது வினைவிரைவு. குறித்த கால அளவில் ஒரு பொருளின் செறிவு எவ்வளவு மாறுகிறது என்பதே அது. 1850-இல் செருமானிய அறிஞர் வில்கெல்மி, காடிநீரில் கரும்புச் சருக்கரை பிளவுறும் விரைவை அளந்தார். எஞ்சிய சருக்கரையின் செறிவு குறையக் குறைய விரைவும் குறைவதைக் கண்டார். கட்டையினும் சுள்ளி விரைந்து எரிவதற்குக் கரணியம் மேற்பரப்பின் மிகுதி. சூடு ஏறின் விரைவு ஏறுவதற்குக் கரணியம் வேறு. மோதும் மூலக்கூறுகள் எல்லாம் வினைபுரிவதில்லை. போதிய ஆற்றலுடன் மோதுவனவே வினைபுரியும். வெப்பநிலை சிறிது உயரினும் அத்தகையவற்றின் தொகை பெரிதும் பெருகும். வினையூக்கி செய்யும் பணி இன்னொன்று. மலைமுகடு ஏறிக் கடக்க வேண்டியவனுக்குத் தாழ்ந்த கணவாய் ஒன்றைக் காட்டுதல் போல, குறைந்த ஆற்றலில் வினை நிகழ அது வழி திறக்கிறது.

மூன்றாவதான சமநிலையிலேதான் மயக்கம் மிகுதி. சமநிலை என்றவுடன் அசையாது நிற்கும் துலாக்கோல் நினைவில் எழும். வினை நின்றுவிட்டது என்று மாணவன் எழுதிவிடுவான். வினை நிற்கவில்லை. தெவிட்டிய உப்புக் கரைசலில் கதிரியக்கச் சோடியம் கொண்ட உப்பை இட்டால், அடியில் உள்ள உப்பின் எடை குறைவதில்லை. ஆயினும் சிறிது நேரத்தில் கரைசலிலும் கதிரியக்கம் தென்படும். கரைதலும் படிதலும் ஒத்த விரைவில் ஓயாது நடக்கின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. முன்வினையும் பின்வினையும் விரைவொத்து நிற்கும் இந்நிலையை 1864-இல் நார்வே நாட்டு அறிஞர் குல்ட்பர்க்கும் வாகெயும் செறிவுகளோடு தொடர்புறுத்திக் காட்டினர்.

வரத்து நீரும் மதகு நீரும் ஒத்திருக்க மட்டம் மாறாது நிற்கும் ஏரியை இதற்கு உவமை கூறுவர் சிலர். அது பிழை. ஏரியில் நீர் ஒருபுறம் வந்து மறுபுறம் போகிறது. வேதிச் சமநிலையிலோ மூடிய கலத்தினுள் எதுவும் வருவதுமில்லை, போவதுமில்லை. ஆகவே பாடநூல்கள் ஓரிடத்தில் மட்டும் கூறும் 'இயங்கு சமநிலை' என்னும் தொடரையே எங்கும் ஆளுதல் நன்று. அம்முன்சொல் மாணவனைப் பிழையினின்று காக்கும்.

விரைவு வேறு, சமநிலை வேறு என்பதை அம்மோனியா ஆக்கம் தெளிவாக்கும். நைட்ரசனும் ஐதரசனும் கூடி அம்மோனியா ஆகுங்கால் வெப்பம் வெளிப்படும். அதனால் வெப்பநிலை தாழ்ந்திருப்பின் சமநிலையில் அம்மோனியா மிகுதி. 200 வளிமண்டல அழுத்தத்தில் 200 பாகையில் அது 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். 500 பாகையில் 20 விழுக்காட்டையும் எட்டாது. ஆயின் 200 பாகையில் வினை நத்தையினும் மெல்ல நடக்கும். விளைவு வேண்டின் விரைவு இல்லை. விரைவு வேண்டின் விளைவு இல்லை. 1909-இல் ஏபர் ஆய்வகத்தில் இச்சிக்கலை அவிழ்த்தார். 1913-இல் செருமனியின் ஓப்பாவில் போசு அதனைத் தொழிற்சாலை ஆக்கினார். உயர் அழுத்தம், நடுத்தர வெப்பநிலை, இரும்பு வினையூக்கி, உருவான அம்மோனியாவை உடனுக்குடன் பிரித்தல் என்பனவே வழி. வினையூக்கி சமநிலையை இம்மியும் நகர்த்தாது. அதனை விரைந்து எய்துவிக்கும். மணலி, தூத்துக்குடி உரத் தொழிற்சாலைகளின் அடிப்படை இதுவே. இத்துணையும் தமிழில் விளங்கவில்லையா?

இம்முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் கிரீனின் முயற்சியால் 1875-இலேயே வேதியியல் நூல் ஒன்று தமிழில் வெளிவந்தது. 1916-இல் சேலத்தில் அறிவியற் சொல்லாக்கக் கழகம் தோன்றியது. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் 'கலைச்சொற்கள்' வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-களில் கல்லூரி நூல்களை நூற்றுக்கணக்கில் தமிழில் அச்சிட்டது. அந்நூல்கள் நிலைபெறாமல் போனதற்குத் தமிழின் குறைபாடு கரணியமன்று. தமிழில் பயின்றவனுக்கு மேற்படிப்பிலும் வேலையிலும் இடம் தராமையே கரணியம்.

எனினும் பழி முழுவதும் பிறர்மேல் அன்று. தமிழகத்தில் 'வினைவேகம்', ஈழத்தில் 'தாக்கவீதம்'. இங்குத் 'தெவிட்டிய', அங்கு 'நிரம்பிய'. இங்குக் 'கரைபொருள்', அங்குக் 'கரையம்'. ஒரு மொழி பேசும் இரு நிலத்து மாணவர் ஒருவர் நூலை ஒருவர் படிக்கத் தடுமாறுகின்றனர். இதற்கிடையில் தனித்தமிழ் அன்பர் சிலர் ஆளுக்கொரு புதுச்சொல் படைத்து, அது வழக்கில் ஏறுமுன் இன்னொன்றும் படைக்கின்றனர். சொல் தூயதாக இருத்தல் வேண்டும். பொருளைச் சரியாகத் தருதலும் வேண்டும். பலரும் ஒப்பி ஆளுதலும் வேண்டும். மூன்றில் ஒன்று குறையினும் அச்சொல் அகராதியிலேயே மடியும்.

எனவே இன்று வேண்டுவன சில. தமிழறிஞரும் வேதியியல் ஆசிரியரும் ஒருங்கமர்ந்து ஒரு பொருளுக்கு ஒரு சொல்லெனத் தேர்தல் வேண்டும். ஈழத்து வழக்கினும் நல்லதைக் கொள்ளத் தயங்கலாகாது. கல்லூரி ஆசிரியர் முதலாண்டிலேனும் கருத்தைத் தமிழில் விளக்கி, மாணவன் தமிழில் விடையெழுத ஊக்குதல் வேண்டும். அரசு அவனுக்கு மேற்படிப்பிலும் பணியிலும் வாயில் திறத்தல் வேண்டும். புதுச்சொல் ஆக்குவோர், அச்சொல்லால் ஒரு பாடத்தை முழுதும் எழுதிக்காட்டிய பின்னரே அதனை வெளியிடுக. தமிழால் முடியும் என்று மேடையில் முழங்கும் ஆயிரம் சொற்பொழிவினும், சமநிலையை ஐயமற விளக்கும் பத்துப் பக்கத் தமிழ்ப்பாடம் பெரிது. அப்பணியில் தமிழன்பர் இறங்குவாராக!