சுட்ட பிறகு எழுந்து நடக்க வேண்டும்

புதுவாயலில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகும் பையன்களின் செல்போனில் இப்போது ஆப்பிரிக்க வேட்டை வீடியோக்கள் ஓடுகின்றன. நமீபியாவில் எருமை, தான்சானியாவில் சிங்கம். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்பார்கள்: "அண்ணே, காசு ஒரு பிரச்சினையே இல்லைன்னா நீங்க எந்த மிருகத்தை அடிப்பீங்க? எந்த ரைஃபிளை எடுப்பீங்க?" லேத்திலும் சிஎன்சியிலும் காலம் தள்ளியவன் நான். நல்ல துப்பாக்கிக் குழலைப் பார்த்தால் எனக்கும் கை பரபரக்கும். அதனால் பதில் சொல்லாமல் நழுவுவதில்லை.

பெருமிருக வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் முதலில் சொல்லும் பெயர் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். 1912-ல் வந்த தோட்டா, இன்றும் மவுசு குறையவில்லை. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் எருமைக்கும் யானைக்கும் இதைவிடச் சிறியதற்கு அனுமதி கிடையாது. சுமார் 19 கிராம் குண்டு நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் கிளம்பும். நம் பக்கத்துக் காடுகளோடு சேர்ந்த பெயர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் இருந்து சேலம், தருமபுரிக் காடுகளுக்கு .405 வின்செஸ்டரோடு வந்தவர். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907-ல் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி ரைஃபிள். ஆட்கொல்லியின் தடம் பிடித்து நடந்தே போன மனிதர்கள். அந்தத் துணிவுக்கு என் மரியாதை உண்டு.

ஆனால் என் ஆசை வேறு. என் கனவு வேட்டை முதுமலையில், கையில் மயக்க ஊசித் துப்பாக்கி. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. இதில்தான் வித்தை அதிகம். ரைஃபிள்காரர் சுட்ட மிருகம் விழுந்தால் போதும். மயக்க ஊசியால் மருத்துவர் சுட்ட மிருகம் விழவும் வேண்டும், பிறகு எழுந்து நடக்கவும் வேண்டும்.

2021-ல் மசினகுடியில் டி23 புலியைப் பிடித்த கதை நினைவிருக்கும். நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. சுட்டுக் கொல்லுங்கள் என்று ஊர் கொதித்தது. பிள்ளையைப் போல் வளர்த்த மாட்டையும் கூடவே வாழ்ந்த மனிதரையும் இழந்தவர்களின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழு ஆண்டு முன்னால், 2014 ஜனவரியில், தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டுத்தான் வீழ்த்தினார்கள். டி23-ஐக் கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கும்கி யானைகள், மோப்ப நாய்கள், காட்டை உள்ளங்கையாய் அறிந்த பழங்குடித் தடம் பார்ப்பவர்கள் என்று மூன்று வாரம் தேடினார்கள். அக்டோபர் 14 இரவு ஊசி பட்டும் புலி இருட்டில் புதருக்குள் மறைந்துவிட்டது. அரை மயக்கத்தில் ஒரு புலி, ராத்திரி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்! மறுநாள் அதையே தேடிப் போய், மீண்டும் ஊசி போட்டு, உயிரோடு கூண்டில் ஏற்றி மைசூருக்கு அனுப்பினார்கள். அந்தக் குழுவில் ஒருவராக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

அந்த ஊசியைத் தொழில்காரன் கண்ணால் பாருங்கள். உடலில் இரண்டு அறை. முன்னறையில் மருந்து, பின்னறையில் அழுத்திய காற்று, நடுவில் ஒரு பிஸ்டன். ஊசியின் முனை அடைத்திருக்கும். மருந்து வரும் துளை பக்கவாட்டில், அதன்மேல் சின்ன சிலிக்கான் உறை. தோலில் இறங்கும்போது உறை பின்னுக்கு நகரும், பிஸ்டன் தள்ளும், மருந்து தசைக்குள் போகும். துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. கரியமில வாயு, ஒரு வால்வு, ஒரு பிரஷர் கேஜ். தூரத்தை அளந்து அழுத்தம் வைக்க வேண்டும். கூடினால் ஊசி எலும்பை உடைக்கக்கூடும், குறைந்தால் வழியிலேயே விழும். எடையையும் பார்வையிலேயே கணித்து சைலசின், கெட்டமின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஊசி பட்ட பிறகு மிருகம் சாய நிமிடக் கணக்கில் ஆகும். அதற்குள் அது பள்ளத்தில் விழலாம், தண்ணீரில் இறங்கலாம். வெயிலில் உடல் சூடு ஏறும் என்பதால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது தெருவெல்லாம் கூட்டம். அந்தக் கூச்சலில் யார் குறி பார்க்க முடியும்? ஜூன் 5-ல் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் யானைகளோடு வாழ்ந்து 2002-ல் மறைந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் போன்றவர்கள் இந்த வித்தையைக் கையால் கற்று, கையால் கற்றுக்கொடுத்தவர்கள். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு வனக் கோட்டத்திலும் நிரந்தரமாக இருக்க வேண்டும். வேறு துறையில் இருந்து சில ஆண்டுகளுக்கு வந்து, கை பழகும் நேரத்தில் மாறுதலாகிப் போகும் ஏற்பாடு போதாது.

கருவியும் நமதாக இருக்க வேண்டும். நம் நாட்டில் வனத்துறையினர் பரவலாகப் பயன்படுத்துவது டென்மார்க்கின் டேன் இன்ஜெக்ட். நல்ல கருவிதான். ஆனால் அதன் ஊசி உடலும் பிஸ்டனும் வால்வும் கார் கம்பெனிகளுக்கு மைக்ரான் கணக்கில் பாகம் கடையும் எங்கள் பட்டறைகளுக்கு எட்டாத வேலை இல்லை. குழல் செய்யத் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலையே இருக்கிறது. சோதித்துச் சொல்ல கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரத்தில் இருக்கிறது. புதுவாயலில் இருந்து ஜிஎன்டி ரோட்டில் போனால் வந்துவிடும். எங்கள் பக்கம் யானையும் புலியும் இல்லை, பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைதான் உண்டு. இருந்தாலும் இந்த வேலை எங்களுடையது என்றே நினைக்கிறேன். எந்த மிருகம், எத்தனை மில்லி, எவ்வளவு தூரம் என்று வனத்துறை மருத்துவர்கள் தேவையை எழுதிக் கொடுக்கட்டும். வரைபடம் போட்டு மாதிரி கடைந்து தர இங்கே ஆள் இருக்கிறது.